எட்டு மடங்கு பளு: அளந்ததா, கணக்கிட்டதா?

கோல்ஃப் ஆட்டக்காரர் மட்டையை வீசும் ஒவ்வொரு முறையும் அவருடைய கீழ்முதுகின்மீது உடல் எடையைப்போல் எட்டு மடங்கு பளு விழுகிறது என்று பல கட்டுரைகள் கூறுகின்றன. இவ்வெண் எங்கிருந்து வந்தது?

1990-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரில் நடந்த கோல்ஃப் அறிவியல் மாநாட்டில் ஹோசியா குழுவினர் அளித்த ஆய்வே இதன் மூலம். தொழில்முறை ஆட்டக்காரர் நால்வர், பொழுதுபோக்காக ஆடுவோர் நால்வர் அதில் பங்கு கொண்டனர். உடல் அசைவும் தசைகளின் மின்துடிப்பும் பதிவு செய்யப்பட்டன. அவற்றைக் கொண்டு மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே விழும் விசை கணக்கிடப்பட்டது.

'கணக்கிடப்பட்டது' என்பதைக் கவனிக்க வேண்டும். எலும்புகளின் இடையிலுள்ள தட்டினுள் கருவி எதுவும் வைக்கப்படவில்லை. அவ்வாறு வைத்து அளந்ததும் உண்டு. 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தொண்டரின் தட்டில் உணர்கருவி பொருத்தினர். நிற்கையில் 0.5 மெகாபாஸ்கல், முதுகை வளைத்து 20 கிலோகிராம் தூக்குகையில் 2.3 மெகாபாஸ்கல். ஆனால், முதுகில் கருவியுடன் முழு வேகத்தில் மட்டை வீச எத்தனை பேர் இசைவர்?

எனவே கணக்கையே நாட வேண்டியுள்ளது. அதன் குறைகளையும் உணர வேண்டும். தோலில் ஒட்டிய குறி தோலோடு நகரும், எலும்போடு அன்று. ஓர் இடுப்பு முள்ளெலும்பு அடுத்ததன்மீது சில பாகையே திரும்பும். ஆகவே தோலின் சிறு நழுவலும் பெரும் பிழையாகும். மேலும், பல தசைகளுக்கு விசையைப் பங்கிடுவதில் அனுமானங்கள் புகுகின்றன.

70 கிலோ எடையுள்ளவருக்கு எட்டு மடங்கு என்பது ஏறத்தாழ 5,500 நியூட்டன். இறந்தோரின் முதுகெலும்புகளை முன்வளைத்து அழுத்திய சோதனைகளில் ஏறக்குறைய இந்த அளவிலேயே தட்டுகள் பிதுங்கியதுண்டு. ஆயினும் கோல்ஃப் ஆடுவோர் நாள்தோறும் பலமுறை மட்டை வீசிவிட்டு நலமாக வீடு திரும்புகின்றனர். ஆகவே அழுத்தத்தின் அளவு ஒன்றே காயத்தை முடிவு செய்வதில்லை.

அந்த ஆய்வின் பயனுள்ள முடிவு வேறு. இரு சாராருக்கும் அழுத்தம் பெரிதாகவே இருந்தது. ஆனால் முறுக்கும், பக்கவாட்டு வளைவும், எலும்பைச் சறுக்கித் தள்ளும் விசையும் பொழுதுபோக்கு ஆட்டக்காரரிடம் மிகுதி. அதாவது, வீசும் முறையைத் திருத்தினால் முதுகின் சுமையைக் குறைக்க இடமுண்டு. எட்டுப் பேரை மட்டும் கொண்டு இதை உறுதிசெய்ய முடியாது. எனினும் தொடர்ந்து ஆராயத்தக்கது. பரவியதோ அச்சமூட்டும் எண் மட்டுமே!

முதுகுவலியுள்ள ஒருவரை ஆட்டத்தை விடச் சொல்வதா, ஆடும் முறையை மாற்றச் சொல்வதா என்பது இதைப் பொறுத்தது. அறிவியல் மாணவர் எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: எத்தனை பேரிடம்? அளந்ததா, கணக்கிட்டதா? எதை அனுமானித்து?