வலிக்குதாம்: மருத்துவத் தமிழில் நோயாளி எங்கே?

யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிறீனைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு வரி தெரியும். மேடைகளில் அந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வரும்: "நூற்றைம்பது வருசத்துக்கு முன்னாலேயே தமிழில் மருத்துவம் படிக்க முடிந்தது." கைதட்டல். அடுத்த பேச்சாளர். கிறீன் செய்தது உண்மையில் என்ன, அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன, விட்டுவிட்டது என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். நடுவில் சில ஆண்டுகள் ஊருக்குப் போய், 1862இல் திரும்பி வந்து, 1873 வரை இருந்தார். அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து தமிழாக்கிய மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வரும். மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு சப்மன், டன்போர்த் என்று அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட தமிழ் மாணவர்களுடையது. இலண்டனில் 1858இல் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்துவிட்டது. பதினான்கே வருடம். இன்றைக்கு ஒரு நாவல் மொழிபெயர்ப்புக்கே நாம் அதைவிட அதிக காலம் காத்திருக்கிறோம்.

இந்த நூல்களின் தலைப்புகளை மட்டும் ஓர் இலக்கிய வாசகனாக வாசித்துப் பாருங்கள். 'பிரசவ வைத்தியம்' (1857). 'இரண வைத்தியம்' (1867). 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' (இரண்டும் 1872). 'கெமிஸ்தம்' (1875). சமஸ்கிருதம் தூக்கலாக இருக்கிறது என்று முகம் சுளிப்பது எளிது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'இரண வைத்தியம்'. அறுவை மருத்துவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ரணம் என்பது நோயாளியின் சொல். "ரணமா வலிக்குது" என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். நாம் இப்போது எழுதும் 'அறுவைச் சிகிச்சை' டாக்டர் கையிலிருக்கும் கத்தியிலிருந்து தொடங்குகிறது. 'இரண வைத்தியம்' படுத்திருப்பவரின் புண்ணிலிருந்து தொடங்குகிறது. அதே போல் 'கெமிஸ்தம்'. தமிழிலே பார், இல்லையென்றால் சமஸ்கிருதத்திலே பார், அதிலும் சரிவரவில்லையென்றால் ஆங்கில ஒலியையே எடுத்துக்கொள் என்பதுதான் அவர்கள் பின்பற்றிய வரிசை. கெமிஸ்ட்ரிக்கு ஒரு 'அம்' விகுதி போட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கூச்சப்படவில்லை.

ஏன் தமிழில் கற்பிக்க வேண்டும் என்பதற்குக் கிறீனிடம் இருந்த காரணம் மொழிப்பற்று அல்ல. ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவான், தமிழில் படித்தவன் கிராமத்திலேயே இருந்து வைத்தியம் பார்ப்பான் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் ஒரு விசயம் மறைந்திருக்கிறது. அவருடைய திட்டத்தில் டாக்டரும் தமிழர், நோயாளியும் தமிழர். நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்வது டாக்டரின் பொறுப்பு. நடுவில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.

இங்கேதான் என் விமர்சனம் தொடங்குகிறது. கிறீனுக்குப் பிறகு தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. ஆனால் கலைச்சொல் தொகுக்கும் வேலை மட்டும் நீடித்தது. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்கள் நூலை வெளியிட்டது. அதன்பின் மணவை முஸ்தபா தனியொருவராக மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுத்தார். பெரிய உழைப்பு, மரியாதைக்குரிய உழைப்பு. ஆனால் எல்லாமே ஒருவழிப்பாதை. ஆங்கிலச் சொல் இடது பக்கம், தமிழ்ச் சொல் வலது பக்கம். "இதற்குத் தமிழில் என்ன?" என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் இருக்கிறது. தமிழ் பேசும் டாக்டர்கள் உருவாகும் பள்ளி ஒன்று இருந்தால் அந்தக் கேள்வி போதும். பள்ளி போய்விட்டது, கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

பினாங்கில் இருக்கும் நமக்கு வேண்டிய கேள்வி வேறு: "இவர் இப்படிச் சொல்கிறாரே, என்ன அர்த்தம்?"

நிலைமை உங்களுக்குத் தெரியும். ஜோர்ஜ்டவுனில் எந்த அரசாங்க கிளினிக்கிலும் பேச்சு மலாயில் நடக்கும், குறிப்பு ஆங்கிலத்தில் எழுதப்படும். வயதான தமிழர் வந்தால், பக்கத்தில் போகிற தமிழ் நர்ஸைக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் கூட வந்த பிள்ளை, பேரப்பிள்ளை. நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்க்கிறவன். மாதத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துப் பாட்டிக்குத் துணையாகப் போகும்போது மொழிபெயர்ப்பாளன். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு இந்தச் சம்பளமில்லாத இரண்டாவது வேலை உண்டு. அதுவும் குறையப் போவதில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. நீரிழிவு என்றால் கண், கால், சிறுநீரகம், இருதயம் என்று ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரி நடை. ஆண்டுக்கணக்கில் மொழிபெயர்ப்பு.

டயாலிசிஸை எடுத்துக்கொள்வோம். தமிழ் வேதியியல் பாடப்புத்தகம் 'கூழ்மப்பிரிப்பு' என்கிறது. செய்தித்தாள் 'இரத்தச் சுத்திகரிப்பு' என்கிறது. மலாயில் 'சூச்சி டாரா', அதாவது ரத்தம் கழுவுதல். நம் வீடுகளில் "அவருக்கு வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் கழுவுறாங்க" என்றுதான் பேச்சு. இந்த மூன்றில் நோயாளிக்கு எது புரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'கழுவுதல்' என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கழுவினால் அழுக்குப் போய்விடும், வேலை முடிந்தது. டயாலிசிஸ் அப்படி முடிகிற வேலை இல்லை. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை வெளியிலிருந்து ஓர் இயந்திரம் திரும்பத் திரும்பச் செய்கிறது. "நாலு மாசம் கழுவினா சரியாயிடுமா?" என்று கேட்கும் பெரியவர் மடையர் அல்ல. அந்தச் சொல்லை நம்பி அதன் தர்க்கத்தின்படி யோசித்திருக்கிறார். எளிய சொல் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எளிய சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கிய விளக்கமும் வேண்டும். நம் அகராதிகளில் அதற்கு இடமில்லை.

இன்னொரு பக்கம், நோயாளியின் வாயிலிருந்து வரும் சொற்கள். 'மயக்கம்' என்று ஒருவர் சொன்னால் தலை சுற்றுகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா? தமிழில் மூன்றும் மயக்கம்தான். மலாயில் 'பெனிங்', 'பித்தாம்', 'பெங்சான்' என்று மூன்று தனிச்சொற்கள். எதைச் சொல்கிறோமோ அதைப் பொறுத்து டாக்டர் கேட்கும் அடுத்த கேள்வி, எடுக்கச் சொல்லும் சோதனை எல்லாம் மாறும். 'ஈரல்' இன்னொன்று. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று எழுத்தில் மூன்று. பேச்சில் பல நேரம் வெறும் ஈரல். 'வாயு' இன்னும் மோசம். ஏப்பம் வருவதும் வாயு, விலா பிடித்துக்கொள்வதும் வாயு. மாரடைப்பின்போது நெஞ்சு அடைப்பதையும் "வாயுதான், ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று ஒதுக்கிவிடுகிறோம். நீரிழிவுக்காரர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரலாம் என்பதை இதோடு சேர்த்து யோசித்தால் இந்தச் சொல்லின் விலை தெரியும்.

எல்லாம் சிக்கல்தான் என்றும் இல்லை. பாட்டி ஒரு முறை டாக்டரிடம், "காலு ரெண்டும் மதமதன்னு இருக்கு, எறும்பு ஊர்ற மாதிரி" என்றார். மதமதப்புக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடி நான் நேரத்தை வீணாக்க வேண்டியிருக்கவில்லை. மலாயில் 'கெபாஸ்', 'செமுட்-செமுட்' என்றேன். செமுட் என்றாலே எறும்பு. டாக்டர் உடனே பாதத்தைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். ஆங்கில மருத்துவத்தில் இந்த உணர்வுக்கு இருக்கும் சொல்லும் எறும்புக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதைப் பிறகு வாசித்தேன். பக்கவாதத்தை மலாயில் 'ஆங்கின் அஹ்மார்' என்பார்கள், சிவந்த காற்று. நம் 'வாத'மும் காற்றுதான். 'கென்சிங் மானிஸ்' இனிப்பான சிறுநீர். மலேசியத் தமிழர் சொல்லும் 'இனிப்பு நீர்' அதன் அக்கா தங்கை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நேராகப் பாலம் கட்ட முயன்றே நூறு வருடம் போய்விட்டது. பக்கத்து வீட்டு மலாய் வழியாகப் போனால் பல சொற்கள் நனையாமல் கரை சேர்கின்றன. இந்த அனுபவத்தைப் பதிவு செய்யக்கூடியவர்கள் மலேசியத் தமிழர்கள் மட்டுமே. நாமோ தமிழ்நாட்டுக் கலைச்சொல் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்து சுகாதாரக் கையேடு அச்சிடுகிறோம்.

சொல் மட்டும் போதாது, இலக்கணமும் இருக்கிறது. மருத்துவமனைகளில் தொழிலாக மொழிபெயர்ப்பவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, நோயாளி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல். "எனக்கு வலிக்கிறது" என்பதை "எனக்கு வலிக்கிறது" என்றே கொண்டுபோ. வீட்டு மொழிபெயர்ப்பாளர்களான நாம் என்ன சொல்கிறோம்? "அவங்களுக்கு வலிக்குதாம்." அந்த 'ஆம்' தமிழின் அழகான விகுதிகளில் ஒன்று. கதை சொல்ல அதைவிட நல்ல கருவி இல்லை: ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். ஆனால் அதன் வேலையே "நான் பார்க்கவில்லை, பொறுப்பும் எனக்கில்லை" என்று விலகி நிற்பது. நோயாளியின் வலியை அந்த விகுதியில் வைத்து நீட்டும்போது, அது வலியாகப் போய்ச் சேருவதில்லை, வதந்தியாகப் போய்ச் சேருகிறது. மலாயில் பேசினாலும் இந்தத் தொனி கூடவே வருகிறது. "கத்தாஞா" என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

பேரன் முன்னால் பாட்டியும் முழுதாகப் பேசுவதில்லை. நீர்க்கடுப்பு 'சூடு' ஆகிவிடும். அதற்கும் கீழே உள்ளதெல்லாம் 'ஒண்ணுமில்ல' ஆகிவிடும். பயிற்சி பெற்ற, குடும்பத்தில் இல்லாத ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் சொல்லியிருக்கக்கூடியவை அவை.

இது ஏதோ மொழி ஆர்வலரின் நுணுக்கம் என்று தோன்றினால், 1980இல் ஃப்ளோரிடாவில் நடந்ததைப் பாருங்கள். 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் குடும்பம் 'இன்டாக்சிகாடோ' என்றது. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில். ஆங்கிலக் காதுக்கு அது போதை என்று கேட்டது. போதைமருந்து அளவு மீறியதற்கான சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. இளைஞருக்குக் கைகால்கள் நான்கும் செயலிழந்தன. 71 மில்லியன் டாலர் வரை இழப்பீடு பேசப்பட்ட வழக்கு அது. ஒலி ஒத்த ஒரே ஒரு சொல்.

"இன்னும் இருபது வருசத்தில் எல்லாரும் மலாய் பேசுவார்கள், பிரச்சினை தானாகத் தீரும்" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். இருபது வருடம் காத்திருக்கும் வயதிலா நம் பாட்டிகள் இருக்கிறார்கள்? மேலும், நன்றாக மலாய் பேசியவர்களே முதுமையில் மறதி நோய் வந்தால் பின்னால் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்குத் திரும்புவது உண்டு. வலி கடுமையாக இருக்கும்போது யாரும் இரண்டாம் மொழியில் முனகுவதில்லை.

அப்படியானால் என்ன புத்தகம் வேண்டும்? வலது பக்கத்தை இடது பக்கமாக மாற்றிய புத்தகம். முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கிறீன் வேலை செய்த காலத்திலேயே, 1862இல், வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி தமிழ்ச் சொல்லை முதலில் வைத்து வந்தது. கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்துக் கரிசல் மக்களின் பேச்சுக்கு அகராதியில் இடம் உண்டு என்று நிரூபித்தார். மருத்துவத்தின் பக்கம், 1975இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் வலியைச் சொல்லும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி ஒரு வினாநிரலாக்கினார். குத்துவது, எரிவது, துடிப்பது எல்லாம் அதில் தனித்தனித் தகவல். இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு நூல்: குடைச்சல், காந்தல், கடுப்பு, விண்விண், சுருக், மதமதப்பு, படபடப்பு, இளைப்பு, அசதி. ஒவ்வொன்றுக்கும் யார் சொல்வார்கள், உடம்பில் எங்கே காட்டிச் சொல்வார்கள், மலாயில் எது நெருங்கி வரும், அடுத்து என்ன கேட்க வேண்டும். இருநூறு சொல் போதும்.

இதை டாக்டர்கள் மட்டும் செய்ய முடியாது, கலைச்சொல் குழுவும் செய்யாது. பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு அதன் பொருள் வேறுபாடுகளைப் பிரித்துச் சொல்லப் பழகியவர்கள் செய்ய வேண்டியது, அதாவது இலக்கியம் வாசிப்பவர்கள். மானிப்பாயில் சப்மனும் டன்போர்த்தும் மாணவர்களாக இருந்தபோதுதான் அந்த வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த முறை யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரி போகும்போது, அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். திருத்தாமல், 'ஆம்' போடாமல்.