சோர்வுற்ற நெஞ்சுக்கு எந்த இசை?

மனச்சோர்வுக்கு இசையை மருந்தாகத் தேடிய மனிதருள் மிகப் பழையவர் ஒருவரைத் திருவிவிலியம் நமக்குக் காட்டுகிறது. அவர் சவுல் அரசர். தீய ஆவி அவரை அலைக்கழித்தபோது, யாழ் மீட்டத் தெரிந்த ஒருவனைத் தேடிக் கொணரலாம் என்று யோசனை கூறியவர்கள் அவருடைய பணியாளர்கள். பெத்லகேமிலிருந்து ஆடு மேய்க்கும் இளைஞன் தாவீது வந்தான், யாழ் ஒலித்தது, அரசர் ஆறுதல் பெற்றார். சாமுவேல் முதல் நூலின் 16ஆம் அதிகாரத்தில் உள்ள இந்தப் பகுதியை மறையுரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இரண்டு அதிகாரங்கள் தள்ளி வரும் மற்றொரு காட்சியை அத்தனை முறை கேட்டதில்லை. அங்கும் அதே அரசர், அதே யாழ், அதே விரல்கள். ஆனால் இம்முறை சவுல் தம் கையிலிருந்த ஈட்டியைத் தாவீதின்மேல் எறிகிறார். இடையில் நடந்தது என்ன? ஒரு பாட்டு. போர் முடிந்து திரும்பியவர்களை எதிர்கொண்ட பெண்கள், அரசரைவிடத் தாவீதை உயர்த்திப் பாடிய மகிழ்ச்சிப் பாட்டு. ஒரு பாட்டு நெஞ்சில் முள்ளாகத் தைத்தபின், மற்றொரு பாட்டினால் அதைப் பிடுங்க இயலவில்லை.

எனவே, சோர்வுற்ற வேளையில் இசை கேட்பது நல்லது என்று பொதுப்படச் சொல்லிவிட்டு நகர்வதற்கில்லை. எந்த இசை என்று கேட்டே ஆகவேண்டும். இன்று இக்கேள்விக்குக் கைப்பேசியே விடை கூறிவிடுகிறது. மகிழ்ச்சி, காதல், சோகம் எனப் பெட்டி பெட்டியாகப் பாடல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேண்டிய பெட்டியைத் தொட்டால் போதும். சவுலின் பணியாளர்களுக்காவது தம் தலைவரின் முகம் தெரிந்திருந்தது! சோகம் என்பது ஒரே பெட்டியில் அடங்கும் பொருளன்று. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு காரணங்களை வகுத்தார்: பிறரால் இழிவுபடுதல், உயிரையோ பொருளையோ இழத்தல், முன்னிருந்த நிலை தாழ்தல், வறுமை. வேலை இழந்தவனும் தாயை இழந்தவனும் ஒரே பாட்டைக் கேட்டு ஆறவேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

எம் அன்னையார் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகின்றன. அப்போது உறவினர் ஒருவர், வீடு இப்படி இருண்டு கிடக்கலாகாது என்று சொல்லித் துள்ளலான பாடல்கள் நிறைந்த குறுந்தகடு ஒன்றைக் கொண்டுவந்து தாமே ஓடவிட்டார். அவருடைய அன்பை ஐயுறவில்லை. ஆயினும் இரண்டாம் பாடலிலேயே எழுந்து வெளியே சென்றுவிட்டோம். துயருற்ற நெஞ்சத்தாருக்குப் பாட்டுப் பாடுவது குளிர்நாளில் ஒருவரது ஆடையைக் களைவதற்கு ஒப்பாகும் என்ற கருத்து நீதிமொழிகள் 25ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

பின்னர் எதிர்த்திசையில் சென்றோம். இரவுதோறும் திரைப்படச் சோகப் பாடல்கள். அவற்றுள் இசையமைப்பில் உயர்ந்தவை பல உண்டு. ஷெனாயும் வயலினும் குழைந்து வரும் முன்னிசையிலேயே கண் கலங்கிவிடும். ஆனால் இரண்டு மூன்று திங்கள் சென்றபின் ஒன்றைக் கவனித்தோம். அன்னையின் முகம் நினைவில் மங்கிக்கொண்டிருந்தது. எம் முகமே அங்கே பெரிதாகிக்கொண்டிருந்தது. அந்தப் பாடல்களின் நாயகன் பெரும்பாலும் தன்னைப் பற்றியே பாடுகிறான். உலகம் ஏமாற்றியது, விதி சதி செய்தது, அவள் மறந்துபோனாள், எனக்கு மட்டும் ஏன் இப்படி? படத்தில் அந்தக் கட்டத்துக்கு அது பொருந்தும். நாமோ படத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்து வந்து, அவனுடைய தன்னிரக்கத்தை நம்முடையதாக அணிந்துகொள்கிறோம். அன்னையின் தங்கை, எம் சித்தி, ஊரிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று அந்நாள்களில் பதிலின்றி மேசைமேல் கிடந்தது. தமக்கையை இழந்தவர் அவர் என்பதுகூட எமக்கு உறைக்கவில்லை.

சோக இராகம் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் போதும் என்பாரும் உளர். முகாரி என்றாலே அழுகை என்பது நம் ஊர் வழக்கு. முகாரி பாடாதே என்று குழந்தைகளைக்கூட அதட்டுகிறோம். தியாகராசரோ, சபரி பெற்ற பெரும்பேற்றை வியந்து போற்றும் ‘எந்தநினே’ என்ற கீர்த்தனையை இந்த முகாரியிலேதான் அமைத்தார். இராகத்தின்மேல் பழியைப் போடுவதில் பயனில்லை. பாடுகிறவர் யாரை நோக்கிப் பாடுகிறார் என்பதைப் பார்க்கவேண்டும்.

இந்த எண்ணத்தை எமக்கு ஊட்டியது போலந்து நாட்டு இசைப்படைப்பு ஒன்று. நண்பரான குருவானவர் ஒருவர் இரவலாகத் தந்தார். ஹென்றிக் குரெட்ஸ்கி 1976இல் இயற்றிய மூன்றாம் சிம்பொனி. ‘துயரப் பாடல்களின் சிம்பொனி’ என்பது அதன் பெயர். மூன்று பகுதிகள், மூன்றும் மெதுவான நடையுடையவை. 1977இல் பிரான்சு நாட்டு ருவாயான் நகரில் அது அரங்கேறியபோது, புதுமை நாடிய விமர்சகர் பலர் முகம் சுளித்தனர். 1992இல் டான் அப்ஷா பாட, டேவிட் ஜின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா குழுவினர் இசைத்த ஒலிப்பதிவு வெளிவந்தது. அது பத்து இலட்சத்துக்கும் மேலாக விற்று, மறு ஆண்டு பிரித்தானியாவின் பொது இசைத்தொகுப்பு வரிசையில் ஆறாம் இடம்வரை ஏறியது. தற்கால மேனாட்டுச் செவ்விசைக்கு இது நேர்வதே அரிது.

மூன்று பகுதிகளிலும் வருவது தாயும் பிள்ளையுமே. முதற்பகுதியில் பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவுமடம் ஒன்றின் புலம்பல் பாடப்படுகிறது. சிலுவையில் தொங்கும் மகனிடம், உன் காயங்களை என்னோடு பகிர்ந்துகொள் என்று மரியாள் மன்றாடுகிறார். மூன்றாம் பகுதி ஒரு நாட்டுப்பாடல். கிளர்ச்சியில் கொல்லப்பட்ட மகனின் உடலைத் தேடி அலைகிறாள் ஒரு தாய். அவன் கிடக்கும் இடம் அவளுக்குத் தெரியாது. ஆகவே பறவைகளைப் பாடவும் மலர்களைப் பூக்கவும் வேண்டுகிறாள். அவன் நன்றாக உறங்கவேண்டுமாம். குரெட்ஸ்கி தம் இரண்டு வயதில் தாயை இழந்தவர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

இவற்றுக்கு நடுவிலுள்ள இரண்டாம் பகுதியே எம்மைப் பிடித்து நிறுத்தியது. 1944இல் ஸாகோபனே நகரில், கெஸ்டாப்போ எனப்பட்ட நாசிக் காவல்படையின் சிறையறைச் சுவரில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கீறி வைத்த சில சொற்கள்தாம் அதன் பாட்டு. அம்மா, அழவேண்டாம் என்கிறாள்; பின் விண்ணக அரசியின் துணையை வேண்டுகிறாள். அவ்வளவே. நான் குற்றமற்றவள், கொலைகாரர்களே, என்னை விடுவியுங்கள் என்றெல்லாம் பிறர் அத்தகைய சுவர்களில் எழுதியிருந்தனர். இந்தப் பெண்ணோ தன்னைப் பற்றி எண்ணவேயில்லை, தாயைப் பற்றியே எண்ணினாள் என்பதுதான் தம்மை ஈர்த்தது எனக் குரெட்ஸ்கி விளக்கியிருக்கிறார். ஆறுதல் பெறவேண்டியவள் ஆறுதல் சொல்லுகிறாள். போலந்து மொழியில் ஒரு சொல்கூட அறியாத எமக்கு, முதல்முறை கேட்டபோது அந்தக் குரல் மெல்ல மேலேறுவது மட்டுமே விளங்கியது. உறையிலிருந்த குறிப்பைப் படித்தபின் மறுமுறை கேட்டோம். அது முடிந்து சற்று நேரம் கழித்துச் சித்தியின் கடிதத்தை எடுத்தோம். பதில் நான்கு வரிதான். அதுவும் மூன்று திங்கள் தாமதமாக.

குறை சொல்வதற்கு இடமில்லாமல் இல்லை. பெருவாரியாக விற்ற படைப்புக்கு நேர்வது இதற்கும் நேர்ந்தது. பலர் இதை மாலைப்பொழுதின் இதமான பின்னணி ஒலியாக்கிக்கொண்டனர். சொற்களை அறியாது கேட்டால் அதற்கும் இசைந்து கொடுக்கும் என்பதே இதன் பலவீனம். தன்னிரக்கத்தில் ஊறியவருக்கு இதுவும் ஒரு போதையாகலாம். திரும்பத் திரும்ப வரும் அந்த நிதானம் எல்லாருக்கும் ஏற்றதுமன்று. பரபரப்பும் அச்சமும் மிகுந்த வேளையில் எமக்கு இது சலிப்பையே தந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் அற்றுப்போய், உயிர் வாழ்வதே சுமையாகத் தோன்றும் நிலை வேறு. அதற்கு யாழைத் தேடிக்கொண்டிராமல் மருத்துவரைத் தேடவேண்டும். ஈட்டி எறியும் வரை சவுலின் அரண்மனையில் எல்லாரும் யாழையே நம்பியிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் தள்ளிப் பார்த்தாலும், துயரத்துக்கு ஒரு வடிவம் கொடுப்பதில் இதன் முதற்பகுதிக்கு ஈடானது குறைவே. தாழ்ந்த சுருதியில் பெரிய நரம்புக் கருவிகள் ஓர் இராகத்தைத் தனியே தொடங்குகின்றன, அதையே அடுத்த கருவிகள் சற்று மேலிருந்து தொடர்கின்றன, பின் அடுத்தவை. வீட்டு வாசலில் ஒருவர் பின் ஒருவராக வந்து அமரும் துக்க வீட்டாரைப் போல அணி சேர்ந்துகொண்டே போகிறது. கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகச் சென்றபின்தான் தாயின் குரல் எழுகிறது. அது உச்சத்தைத் தொட்டதும் கருவிகள் மீண்டும் சூழ்ந்து, வந்தபடியே ஒவ்வொன்றாக விடைபெற்று, இறுதியில் அந்தத் தாழ்ந்த ஒலி மட்டும் எஞ்சுகிறது. மூன்றாம் பகுதியின் முடிவோ ஒளி மிகுந்த ஒரு சுரக்கூட்டில் நெடுநேரம் நிற்கிறது. மகன் கிடைத்தான் என்று மட்டும் அது சொல்லவில்லை.

கேட்க விரும்புவோருக்கு ஒரு சொல். முழுவதும் கேட்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மூன்று பாடல்களின் பொருளையும் முன்னரே படித்துக்கொள்வது நன்று. தொடக்க ஒலி மிகவும் தாழ்ந்தது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் அது கேட்கவே கேட்காது.