ஏன் அடித்துக்கொள்கிறான்? – 1982-ம் வருடக் கட்டுரை ஒன்றை முன்வைத்து

போன பொங்கலுக்கு களமருதூர் போயிருந்தபோது, தெருவில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவர் பையனுக்குப் பன்னிரண்டு வயசு. பேச்சு வராது, எல்லாவற்றுக்கும் ஆள் வேணும். இரண்டு கையையும் பழைய துண்டு ஒன்றால் சேர்த்துக் கட்டியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்து அவராகவே சொன்னார்: "கட்டலைன்னா காதுகிட்டயே ஓங்கி ஓங்கி அடிச்சுக்கறான் தம்பி. நான் சோறாக்க வேணாமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சென்னை திரும்பினதும் படிக்க ஆரம்பித்தேன். இது அந்தப் படிப்பின் குறிப்பு. நான் மென்பொருள் ஆள், மருத்துவனோ சிறப்பாசிரியனோ இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தத் துறையில் யார் எதை எழுதினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்று: பிரையன் இவாட்டாவும் நான்கு பேரும் சேர்ந்து 1982-ல் வெளியிட்ட கட்டுரை. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கென்னடி நிறுவனத்தில் செய்த வேலை. அதன் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியணும். 1969-ல் லோவாஸும் சிம்மன்ஸும் மூன்று குழந்தைகளிடம் செய்து பார்த்ததை எழுதினார்கள். தானாக நிற்கட்டும் என்று கண்டுகொள்ளாமல் விட்டபோது, நிற்பதற்குள் ஆயிரக்கணக்கான அடிகள் விழுந்தன. மின் அதிர்ச்சி கொடுத்தபோது சட்டென்று நின்றது. சட்டென்று நின்றதாலேயே அது பலருக்கும் பிடித்துப்போனது. ஏன் அடித்துக்கொண்டான் என்ற கேள்வியை அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை. 1977-ல் எட்வர்ட் கார் அந்தக் கேள்வியை ஒழுங்காக எழுப்பினார். இவாட்டா குழு அதைச் சோதித்துப் பார்க்க வழி கண்டுபிடித்தது.

வழி எளிமையானதுதான். ஒன்பது பேர். ஒவ்வொருவரையும் நான்கு சூழலில், தடவைக்குப் பதினைந்து நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில், அடித்துக்கொண்டால் மட்டும் "வேண்டாம்ப்பா, வலிக்கும்" என்கிற மாதிரி அக்கறையாகச் சொல்லித் தொடுவார்கள். இரண்டாவதில் பாடம் நடக்கும், அடித்துக்கொண்டால் பாடத்தை நிறுத்திவிட்டு ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாவதில் தனி அறை, பொம்மைகூடக் கிடையாது. நான்காவதில் விளையாட்டு, பேச்சு, யாரும் எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள். ஒன்பதில் ஆறு பேருக்கு அடி ஒரு குறிப்பிட்ட சூழலில்தான் தொடர்ந்து அதிகமாக இருந்தது. ஆளுக்கு ஆள் அந்தச் சூழல் வேறு.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அடி, உள்ளே காரணம் வேறு. ஆகவே மருந்தும் வேறு, சில சமயம் நேர் எதிர். கவனிப்புக்காக அடித்துக்கொள்கிற குழந்தையை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தால் குறையலாம். பாடத்திலிருந்து தப்பிக்க அடித்துக்கொள்கிற குழந்தையை வெளியே உட்கார வைத்தால் கேட்டதைக் கொடுத்த மாதிரி. நாளைக்கு இன்னும் பலமாக அடித்துக்கொள்வான். அதே குழு 1994-ல் 152 பேரின் முடிவுகளைத் தொகுத்தது. செய்யச் சொன்னதிலிருந்து தப்பிப்பதே காரணம் என்று வந்தவர்கள் 38.1 சதவீதம். கவனிப்போ பொருளோ கிடைப்பதற்காக 26.3. யாரும் எதுவும் தராமலே அந்தச் செயலே தனக்குள் எதையோ கொடுப்பதால் 25.7. சிகிச்சைக்கு என்று வந்தவர்களின் கணக்கு இது, எல்லாக் குழந்தைகளுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் நம்ம ஊரில் எல்லாரும் சொல்கிற "அடம் பிடிக்கிறான், கண்டுக்காதீங்க" என்ற ஒரே மருந்து எத்தனை பேருக்குத் தப்பாகப் போகும் என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு என் குறைகளையும் சொல்கிறேன்.

முதல் குறை, சோதனை என்பதே கொஞ்ச நேரம் அடியை ஊக்குவித்துப் பார்ப்பதுதான். கட்டுரைக்காரர்களுக்கு இது தெரியும். ஒவ்வொருவருக்கும் எந்தக் கட்டத்தில் நிறுத்தணும் என்று மருத்துவரை வைத்து வரையறுத்திருந்தார்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் முறையை மட்டும் எடுத்துச் செய்வது ஆபத்து. யூடியூப் பார்த்து வீட்டில் இதைச் செய்ய வேண்டாம், இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, கட்டுரை சுற்றுப்புறத்தைக் கேள்வி கேட்கிற அளவுக்கு உடம்பைக் கேட்கவில்லை. பல்வலி, காதில் சீழ், மலச்சிக்கல், மாதவிடாய் வலி, இதையெல்லாம் வாயால் சொல்ல முடியாத குழந்தை எப்படிச் சொல்லும்? லெஷ்-நைஹான் மாதிரி மரபணுக் கோளாறுகளில் தன்னையே கடித்துக்கொள்வது நோயின் அங்கம். சாப்ட்வேரில் பிழை தேடும்போது முதலில் கரண்ட் இருக்கா, கேபிள் செருகியிருக்கா என்று பார்ப்போமே, அந்தப் படி இங்கே அழுத்திச் சொல்லப்படவில்லை.

மூன்றாவது, காரணம் தெரிந்தால் தண்டனை தானாக ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஒழியவில்லை. தலையில் அடித்துக்கொண்டால் உடனே அதிர்ச்சி கொடுக்கும் ஒரு கருவியை மதிப்பிட்டு 1990-ல் வந்த கட்டுரையின் ஆசிரியர்களில் இவாட்டாவும் ஒருவர். மாசசூசெட்ஸில் கேன்டன் என்ற ஊரில் இருக்கும் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையத்தில் இந்த நூற்றாண்டிலும் மாணவர்கள் உடம்பில் அதிர்ச்சிக் கருவி மாட்டினார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் தடை போட்டது. 2021-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படித் தடை போடும் அதிகாரத்தை 2022 கடைசியில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர்களைச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்துப்போனார்கள். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது. ஆனால் அக்கா வீட்டுத் துண்டுக்கு எந்தச் சட்டமும் பதில் சொல்லாது. கட்டாதே என்று சொல்கிறவர், கட்டாமல் என்ன செய்வது என்றும் சொல்லணும்.

அதற்கு எனக்குத் தெரிந்து நல்ல பதில், காரும் டூரண்டும் 1985-ல் எழுதியது. நான்கு குழந்தைகள். பாடம் கஷ்டமாக இருப்பதால் ரகளை செய்கிறவனுக்கு "எனக்குப் புரியலை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனிப்புக்காகச் செய்கிறவனுக்கு "நான் நல்லா செய்யறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். ரகளை குறைந்தது. இதில் அழகான விஷயம், பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. அடியின் இடத்தில் சரியான சொல் வந்து உட்கார்ந்தால்தான் அடி எழுந்து போகிறது. பேச்சே வராதவனுக்கு ஒரு அட்டையோ சைகையோ போதும்.

முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்க ஊரிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். மாசம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வாங்குகிற வீடு எத்தனை தடவை போய் வரும்? ஆகவே வீட்டுக்கு வருகிற சிறப்பாசிரியையிடம் அக்கா பேசினார். யாரும் எந்தச் சோதனையும் செய்யவில்லை. ஒரு நோட்டில் மூன்று கோடு: அடிக்கு முன்னால் என்ன நடந்தது, எத்தனை மணி, பின்னால் நாம் என்ன செய்தோம். அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து அக்கா நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ராத்திரி படுக்கும்போது நிறைய, காலையில் மணி கோர்க்க உட்கார வைத்தால் நிறைய, மற்ற நேரம் கம்மி. படுக்கும்போது ஏன் என்று யோசித்த ஆசிரியைதான் முதலில் காதைக் காட்டச் சொன்னார். காதில் சீழ். மருந்து போட்டதும் ராத்திரி அடி பாதியாகக் குறைந்தது. மணி கோர்க்கும்போது நீட்டுவதற்கு ஒரு சிவப்பு அட்டை, 'போதும்' என்று அர்த்தம். நீட்டினால் உடனே எழுப்பிவிடணும், அதுதான் ஒப்பந்தம். முதல் வாரம் ஆசிரியைதான் அவன் கையைப் பிடித்து நீட்ட வைத்தார்.

ஒரே ஒரு பையன் கதை, இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அடி முழுசாக நிற்கவும் இல்லை. இப்போ பகலில் துண்டு இல்லை, ராத்திரி சில நாள் இருக்கிறது. போன வாரம் போனில் அக்கா சிரித்துக்கொண்டே குறைப்பட்டார்: "அந்த அட்டையை இப்ப சோறு ஊட்டும்போதும் நீட்டறான் தம்பி, பாதிச் சாப்பாட்டுலயே." அதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.