எலுமிச்சை மணக்கும் கோதுமை கேக்

திருத்தணியிலிருந்து எல்லை தாண்டினால் ஆந்திரம். அங்கே கூடூர், எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர். நம் வீடுகளில் பழத்தின் சாறு சாதத்துக்கும் சர்பத்துக்கும் போகிறது. தோல் குப்பைக்குப் போகிறது. மணம் முழுக்க அந்தத் தோலில்தான் இருக்கிறது. அதற்கு மரியாதை செய்யும் பண்டம், நீள டின்னில் சுடும் எலுமிச்சை கேக்.

நம் பழத்துக்குத் தோல் மெல்லிசு. பச்சை, மஞ்சள் மேல்பரப்பை மட்டும் லேசாகத் துருவ வேண்டும்; அடியிலுள்ள வெள்ளை கசக்கும். துருவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரலால் தேய்த்தால், தோலின் எண்ணெய் கசிந்து சர்க்கரையே மணக்கும்.

மைதாவுக்குப் பதில் மில்லில் அரைத்த கோதுமை மாவு. தவிடு ஈரத்தை இழுக்கும். ஆகவே தயிர் சற்றுத் தாராளமாக இருக்கட்டும். கலந்த மாவைக் கால் மணி நேரம் ஊறவிட்டால் தவிடு மென்மையாகும். சாறும் சோடா உப்பும் கடைசியில். புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் வாயு கிளம்பும்; உடனே டின்னில் ஊற்றிவிட வேண்டும். அடித்துக் கலக்கினால் கேக் ரப்பராகிவிடும்.

180 டிகிரியில் முக்கால் மணி நேரம். ஓவன் இல்லையா? கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிய குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, அதில் சுடலாம்.

மைதா கேக்கின் பஞ்சுத்தன்மை இதில் வராது. நிறம் பழுப்பு, வெட்டினால் உள்ளே கரடுமுரடு. ஆனால் கோதுமைக்கே உரிய வறுத்த வாசம் எலுமிச்சையின் கூர்மையைத் தாங்கிப் பிடிக்கும்; மைதாவால் அது முடியாது. சுட்ட அன்றே வெட்டாதீர்கள், மறுநாள்தான் ருசி.