சாலின் ஓட்டையும் சத்துத் தூளும்

கேழ்வரகுக் களிக்குக் கொள்ளுக் கடைசலைத் துணைசேர்த்த தருமபுரிச் சமையலில் ஓர் ஊட்டச்சத்துக் கணக்கு இருக்கிறது. கேழ்வரகுப் புரதத்தில் மெத்தியோனின் தாராளம், லைசின் பற்றாக்குறை, கொள்ளில் நேர்மாறு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. வளர்ப்பு மீனின் தீவனத்தில் லைசினையும் மெத்தியோனினையும் தூளாகச் சேர்க்கும் வழக்கமும் இதே கணக்கில் பிறந்ததுதான். கணக்கு சரியானது. எந்த நீருக்கு, எந்த மீனுக்கு, எந்த வடிவத் தீவனத்துக்குப் போட்ட கணக்கு அது என்பதை விட்டுவிட்டுத் தூளை மட்டும் எடுத்துக்கொள்ளும்போதுதான் பிசகுகிறது.

மீனின் உடல் தானே ஆக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் 10. அவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற ஒன்பதும் முழுமையாகப் பயன்படா. கவலை இறைத்த காலத்துச் சால் எனும் வாளியை நினைத்துக்கொள்ளலாம்: பக்கவாட்டில் பல ஓட்டைகள் இருந்தால், எல்லாவற்றிலும் தாழ்ந்த ஓட்டையின் மட்டத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். சாதா கெண்டைக்கு 100 கிராம் உணவுப் புரதத்தில் ஏறத்தாழ 5.7 கிராம் லைசின் வேண்டும். நம் குளங்களில் தவிட்டோடு கலந்து போடும் கடலைப் பிண்ணாக்கின் புரதத்தில் இருப்பது சுமார் மூன்றரை கிராம்தான். மெத்தியோனினோ இன்னும் மோசம். கட்டுமானத்துக்குச் சேராத மிச்சப் புரதத்தை மீன் எரித்து, அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. தண்ணீரை மாற்ற வசதியில்லாத வறட்சி மாவட்டத்தில் இது சிறிய கேடல்ல. பற்றாக்குறையான இரண்டை மட்டும் சேர்த்தால் மொத்தப் புரதத்தைக் குறைக்கலாம், அம்மோனியாவும் குறையும், மத்தியையும் பொடிமீனையும் அரைத்த மீன்தூளின் தேவையும் தணியும். ஒரு மீனை வளர்க்கக் கடலில் பல மீன்களைப் பிடிக்கும் முரணுக்கு இது நேர்மையான ஒரு விடை.

ஆனால் இவ்வளவு பலனும் தூள் மீனின் உடலுக்குள் போய்ச் சேர்ந்தால்தான். லைசின் நீரில் எளிதில் கரையும். தவிட்டின்மேல் தூவிக் குளத்தில் வீசினால், மீன் வாய் வைக்குமுன்னே கணிசமான பங்கு கரைந்துவிடும். தப்பி உள்ளே போனதற்கும் ஒரு சிக்கல் உண்டு: தனித்த அமினோ அமிலம் இரத்தத்தில் விரைந்து ஏறும், பிண்ணாக்குப் புரதம் செரித்து வர நேரமாகும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேராவிட்டால் முந்தி வந்தது எரிந்துபோகும். இரைப்பையே இல்லாத கெண்டை இனங்களில் இந்தச் சிக்கல் கூடுதல். இரைப்பையுள்ள திலேப்பியாவில் குறைவு. “நாமக்கல்லில் கோழிக்குக் கலக்கிறார்களே, பலிக்கிறதே” என்று கேட்கலாம். கோழி உலர்ந்த தீனியைக் கொத்தித் தின்கிறது. அதன் தீனி தண்ணீரில் கிடப்பதில்லை. கட்டுக்குலையாத குச்சித் தீவனம், மேற்பூச்சிட்ட தூள், ஒருநாள் தீனியைப் பலமுறையாகப் பிரித்துப் போடுதல் ஆகியவை இருந்தால்தான் கோழிக்குச் சொன்னது மீனுக்கும் ஓரளவு பொருந்தும்.

அதைவிடப் பெரிய கேள்வி, குளம் தானே எவ்வளவு ஊட்டுகிறது என்பது. வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி போன்ற அணைநீரில் வளரும் கட்லாவும் ரோகுவும் நீரிலுள்ள உணவைத் தின்றே பருக்கின்றன. சாணம் இட்டுப் பச்சை பிடித்த கிராமக் குளத்திலும் அப்படித்தான்: மிதவை நுண்ணுயிர்களின் புரதத்தில் பிண்ணாக்கில் பற்றாத லைசினும் மெத்தியோனினும் இருக்கின்றன. மீன் இருப்பு குறைவாக உள்ளவரை அங்கே பிண்ணாக்கும் தவிடும் களி. பச்சைத் தண்ணீரே கொள்ளுக் கடைசல். தூளுக்கு வேலை வருவது, நெகிழித் தாள் விரித்த பண்ணைக்குட்டையில் திலேப்பியாவை நெருக்கமாக விடும்போது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்குப் பின் பரவலாகப் பேசப்படும் பயோபிளாக் தொட்டியிலும் நெருக்கம் அதிகம். எனினும் அங்கே மிதக்கும் நுண்ணுயிர்த் திரளும் ஓரளவு புரதம் தருவதால், அதையும் கழித்தே கணக்குப் போட வேண்டும்.

“தூள் எதற்கு, புரதத்தைக் கூட்டினால் போதாதா?” என்பார் உண்டு. தாழ்ந்த ஓட்டையை அடைக்காமல் மேலும் மேலும் ஊற்றுவதே அது. ஒழுகுவதற்கும் காசு, ஒழுகியது அம்மோனியாவாகத் திரும்புவதற்கும் காசு. லைசின் செயற்கைப் பொருள் என்ற அச்சத்துக்கும் அடிப்படையில்லை. நுண்ணுயிர் நொதிப்பில் எடுக்கும் லைசினும் கொள்ளில் உள்ள லைசினும் ஒரே மூலக்கூறு. வலுவான எதிர்வாதம் வேறொன்று: தூள் சேர்த்த தீவனத்தில் மீன் வளர்வதைக் கண்ணால் பார்க்கிறோமே என்பது. பார்க்கலாம்தான், ஆனால் அந்த வளர்ச்சி தூளாலா, கரையாமல் நிற்கும் குச்சி வடிவத்தாலா, நேரம் தவறாமல் போட்டதாலா என்று பிரித்தறிய, தூள் சேர்க்காத அதே குச்சியைப் பக்கத்துக் குட்டையில் போட்டு எடை பார்க்காமல் வழியில்லை.

சாலின் கணக்கு தீவனத்தோடு நிற்பதில்லை. குளத்துக்கும் அது உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிக் கோடைக்கு முன் வற்றும் தருமபுரிக் குட்டையில் தாழ்ந்த ஓட்டை பெரும்பாலும் லைசினாக இருப்பதில்லை. தண்ணீர் நிற்கும் மாதங்கள் குறைவு. விரலளவு தேறாத குஞ்சை விடுவது அதிலும் பாதியைத் தின்றுவிடும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கின் நஞ்சு மீதியைக் கெடுக்கும். இவற்றை அடைத்த பிறகும் மீன் எடை ஏறாமல் நின்றால், அப்போது தூளின் விலையைக் கேட்கலாம்.