யோ-யோவும் திருப்புளியும்

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். பலர் பெயரளவிலாவது கேட்டிருக்கலாம். அதன் நாயகரை எல்லோரும் 'டாக்டர்' என்றே அழைப்பர். அவர் வேற்றுலகவாசி. வெளியே போலீஸ் தொலைபேசிக் கூண்டு போலவும் உள்ளே மாளிகை போலவும் இருக்கும் ஓர் ஊர்தியில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடப்பார். சாகும் தறுவாயில் அவர் உடல் மாறிவிடும். முகம் புதிது, குணம் புதிது, ஆனால் ஆள் அதே ஆள். இந்த ஏற்பாடு இருந்ததால்தான் நடிகர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறியும் தொடர் நீண்டது.

இப்படிப்பட்ட தொடரைச் சுற்றித் துணுக்குச் செய்திகள் குவிவது இயற்கை. முதல் பகுதி ஒளிபரப்பானது அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட மறுநாள். ஆகவே அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன் அதை மீண்டும் ஒருமுறை காட்டினார்கள். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் நம் லக்னோவில் பிறந்தவர். கால ஊர்தி கிளம்பும் ஓசை, பியானோவின் தடித்த கம்பிகளில் வீட்டுச் சாவியைத் தேய்த்து உண்டாக்கப்பட்டது. நான்காம் டாக்டரான டாம் பேக்கரின் கழுத்துத் துண்டு அத்தனை நீளமானதற்குக் காரணம், பின்னிய பெண்மணி தம்மிடம் கொடுத்த நூல் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டதுதான். 2008-இல் டாக்டரின் மகளாக நடித்த ஜார்ஜியா மொஃபெட், ஐந்தாம் டாக்டர் பீட்டர் டேவிசனின் சொந்த மகள். பின்னர் பத்தாம் டாக்டர் டேவிட் டெனன்டை மணந்தார்!

என் மாணவர் ஒருவர் இவற்றையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, "இந்தத் தொடரில் இயற்பியல் எவ்வளவு இருக்கிறது, சார்?" என்று கேட்டார். "மிகக் குறைவு" என்று உடனே சொல்லிவிட்டேன். அந்த விடை பாதிதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. சரியான பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

மூன்றாம் டாக்டர் ஜான் பெர்ட்வீயின் பெயரைச் சொன்னாலே இரசிகர்கள் நினைவுகூர்வது ஒரு வசனம்: நியூட்ரான் ஓட்டத்தின் துருவத்தைத் திருப்பிவிட்டேன் என்பது. உண்மையில் அவர் காலத்தில் அந்த வசனம் முழுமையாக வந்தது 1972-இல் ஒரே ஒரு கதையில்தான். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அதன் ஓட்டத்தில் நேர், எதிர் என்று திருப்புவதற்கு எதுவும் இல்லை என்று நாம் சிரிக்கலாம். ஆனால் முழுதும் சிரித்துவிடாதீர்கள். நியூட்ரானுக்குக் காந்தத் திருப்புத்திறன் உண்டு. அதன் தற்சுழற்சியை ஒரு திசைப்படுத்திய கற்றைகளைத் தயாரிக்கவும், அத்திசையைத் தலைகீழாக்கவும் ஆய்வுக்கூடங்களில் கருவிகள் உள்ளன. எழுதியவர் அதை எண்ணி எழுதியிருப்பார் என்று மட்டும் நான் நம்பவில்லை.

இதைவிடப் பெரிய குற்றம் 2014-இல் வந்த 'கில் தி மூன்' என்னும் பகுதி. கதை 2049-இல் நடக்கிறது. நிலாவின் நிறை திடீரென்று கூடிவிட, பூமியில் கடல்கள் பொங்குகின்றன. காரணம் என்ன தெரியுமா? நிலா ஒரு முட்டையாம்! உள்ளே குஞ்சு வளர்ந்துவிட்டதாம். நம் நிலாவின் தரையில் ஈர்ப்பு முடுக்கம் பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. கதையில் வருவோரோ நம் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் நடக்கிறார்கள். ஆரம் மாறாமல் இது நடக்க வேண்டுமானால் நிறை ஆறு மடங்காக வேண்டும். அவ்வளவும் எங்கிருந்து வந்தது? அடைகாக்கும் கோழியைப் பார்த்த எந்தச் சிறுவனும் இதை மறுத்துவிடுவான். முட்டைக்குள் குஞ்சு வளர்வது உள்ளே ஏற்கெனவே இருக்கும் பொருளைக் கொண்டுதான். நீராவி ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறுவதால் அடைகாக்கும் நாட்களில் முட்டையின் எடை குறையத்தான் செய்யும். முடிவிலோ வெளிவந்த குஞ்சு, பிறந்த சூட்டோடு, பழைய நிலா அளவுக்கே இன்னொரு முட்டையையும் இட்டுவிட்டுப் பறக்கிறது. நிறை அழியாமை விதியை இவ்வளவு துணிச்சலாக மிதித்த வேறொரு கதை எனக்கு நினைவில்லை.

ஆயினும் வேடிக்கையைக் கேளுங்கள். இதே பகுதியின் தொடக்கத்தில் டாக்டராக நடிக்கும் பீட்டர் கபால்டி, நிலாவில் வந்திறங்கியதும், சட்டைப்பையிலிருந்து ஒரு யோ-யோவை எடுத்து உருட்டிப் பார்க்கிறார். ஈர்ப்பு இயல்புக்கு மாறாக இருக்கிறது என்று கண்டுகொள்கிறார். இது பழைய டாக்டருக்குச் செய்யும் வணக்கம். 1975-இல் 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' கதையில் டாம் பேக்கர் அந்நிய இடத்தில் இறங்கியதும் ஈர்ப்பை அளக்க இதைத்தான் செய்தார். கபால்டி இளம்வயதிலேயே இத்தொடரின் தீவிர இரசிகர். பதினைந்து வயதில் அவர் எழுதிய கடிதம் 1974-இல் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சாகியுள்ளது. அந்த யோ-யோ அவருக்கு வெறும் விளையாட்டுப் பொருளாக இருந்திருக்காது.

யோ-யோ ஈர்ப்பை அளக்குமா? தாராளமாக அளக்கும். நூலைப் பிடித்துக்கொண்டு யோ-யோவைத் தள்ளாமல் விட்டால், அது நேராக விழும் கல்லைப்போல் விரைந்து விழாது. நிலையாற்றலின் பெரும்பகுதி சுழற்சியில் செலவாவதால் மெதுவாக இறங்கும். எவ்வளவு மெதுவாக என்பது அதன் நிலைமத் திருப்புத்திறனையும் அச்சின் தடிமனையும் பொறுத்தது. ஒரு மீட்டர் நூலில் இறங்க இங்கே ஏறத்தாழ இரண்டு வினாடி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். நிலாவில் ஏறத்தாழ ஐந்து வினாடி ஆகும். இறங்கும் காலம் ஈர்ப்பு முடுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், எந்த யோ-யோவை எடுத்துச் சென்றாலும் இந்த இரண்டரை மடங்கு மாறாது. கைக்கடிகாரம்கூட வேண்டாம், கண்ணே சொல்லிவிடும். கல்லைப் போட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும், அளப்பது கடினம். யோ-யோ அந்த வீழ்ச்சியையே நமக்காக நிதானப்படுத்தித் தருகிறது.

இதற்கு நேர் எதிரான கருவியும் டாக்டரிடம் உண்டு: ஒலியால் இயங்கும் திருப்புளி. 1968-இல் பாட்ரிக் ட்ரௌட்டன் கையில் முதன்முதல் தோன்றியபோது அது திருகாணியைத்தான் கழற்றியது, பெயருக்கேற்ற வேலை. பிறகு பூட்டைத் திறந்தது, அப்புறம் எதையும் செய்தது. எந்தச் சிக்கலிலிருந்தும் இவ்வளவு எளிதாகத் தப்பிக்க விடுவது கதைக்குக் கேடு என்று கண்ட தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் 1982-இல் அதை ஒழித்துக்கட்டினார். அவரைப் பாராட்டுகிறேன். 1996-இல் திரும்பி வந்தது. 2005-க்குப் பின்னரோ நோயறிகிறது, கணிப்பொறியைத் திறக்கிறது, எதிரியின் ஊரையும் பேரையும் சொல்கிறது. மரத்தில் மட்டும் வேலை செய்யாது என்று 2008-இல் ஒரு கதையில் விதித்தார்கள். அந்த ஒரு குறை இருப்பதால்தான் அதைக் கருவி என்றாவது சொல்ல முடிகிறது. யோ-யோ தரும் விடையை நீங்களும் நானும் சரிபார்க்கலாம். திருப்புளி தரும் விடையை நம்பத்தான் வேண்டும்.

ஆகவே என் மாணவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது: இத்தொடரின் விஞ்ஞானத்தை வசனத்தில் தேடாதே, டாக்டர் ஒரு புதிய இடத்தில் இறங்கியதும் என்ன செய்கிறார் என்று பார். ட்ரௌட்டன் அசடுபோல் நடித்துப் பிறரைப் பேசவிட்டுக் கேட்பார். பேக்கர் கண்ணை அகல விரித்து, எதையும் முதன்முதல் பார்ப்பதுபோல் பார்ப்பார். டெனன்டிடம் எனக்குள்ள மனத்தாங்கல், கேள்வி எழுமுன்னரே விடையைக் கொட்டிவிடுகிறார் என்பதுதான். இரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

இந்த ஆள் மாற்றமே ஒரு நெருக்கடியில் பிறந்த யோசனை. முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் நோயால் தளர்ந்துகொண்டிருந்தார், வசனங்கள் தடுமாறின. 1966 அக்டோபரில் அவருடைய கடைசிக் கதையான 'தி டென்த் பிளானெட்'டின் மூன்றாம் பகுதியில் நடிக்கவே முடியாமல் அவர் வசனங்களைப் பிறருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நான்காம் பகுதியின் முடிவில் அவர் முகம் ட்ரௌட்டன் முகமாயிற்று. அந்தப் பகுதியின் நாடா இன்று இல்லை. பி.பி.சி. பழைய நாடாக்களை அழித்துவிட்டதால் 1960-களின் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை காணாமற்போயின. முகம் மாறும் அந்தச் சில வினாடிகள் மட்டும், 1973-இல் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டப்பட்டதால் பிழைத்தன.

2018-இல் முதல் பெண் டாக்டராக வந்த ஜோடி விட்டேகர், தம் முதல் பகுதியில் ஷெஃபீல்டின் ஒரு பட்டறையில் முகக்கவசம் அணிந்து, கரண்டிகளின் எஃகை உருக்கித் தம் திருப்புளியைத் தாமே செய்கிறார். பொறி பறக்கிறது, கை அழுக்காகிறது, கருவி ஒன்று பிறக்கிறது. நான் மிகவும் இரசித்த காட்சி அது. அடுத்தடுத்த வாரங்களில் அந்தத் திருப்புளி மறுபடியும் மந்திரக்கோலாகிவிட்டது.