சொல் ஓசையாகும்போது: ஸ்டீவ் ரைஷின் ‘கம் அவுட்’

1964இல் நியூயார்க்கின் ஹார்லெமில் காவலர்களால் தாக்கப்பட்ட கறுப்பின இளைஞர் டேனியல் ஹாம், குருதி கண்டாலன்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லார் என்பதால், கன்றிய காயத்தைத் தாமே பிதுக்கித் திறந்தார். அதைக் கூறும் அவருடைய பதிவுசெய்யப்பட்ட குரலிலிருந்து ஐந்து சொற்களை ஒலிநாடாவில் சுழலவிட்டு ஸ்டீவ் ரைஷ் 1966இல் ‘கம் அவுட்’டைப் படைத்தார். ஒருசேரத் தொடங்கும் இரு தடங்கள் மெல்ல விலக, குரல் நான்கு, எட்டெனப் பெருகுகிறது. சொல் தேய்ந்து ஓசையே எஞ்சுகிறது. சாட்சியத்தின் பொருளைக் கலை அழித்துவிட்டது எனும் குற்றச்சாட்டு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், ஹார்லெம் அறுவரின் மறுவிசாரணைக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சிக்கென உருவான இப்படைப்பு, தொடக்கத்திலேயே முழு வாக்கியத்தையும் மும்முறை கேட்பிக்கிறது. பின்வரும் சிதைவு, செவிசாய்க்காதோரிடம் ஒரு முறையீடு அடையும் கதியாகவே ஒலிக்கிறது. படைப்பாளரின் பெயர் ஓங்க, குரலுக்குரியவர் பெயர் பின்தங்குவது மட்டும் இக்கலையின் தீராக்கடன்.